வலி வராத நாளில்

சென்னைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் திருவிடந்தையில் வயதானவர்கள் இருந்த வீடுகளில் முன்பெல்லாம் ஒரு சின்ன இரும்பு உரல் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும் உரல், விரல் பருமனில் அதற்கொரு உலக்கை. ஆயாக்கள் திண்ணையில் உட்கார்ந்து அதில் வெற்றிலையையும் பாக்கையும் போட்டு இடிப்பார்கள். மசிந்ததை வழித்து வாயில் அடக்கிக்கொள்வார்கள். மெல்லுவதற்குப் பல் கிடையாது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதும் கிடையாது. வயதானால் முடி நரைக்கும், பார்வை மங்கும், பல் விழும் என்றே ஊர் நினைத்தது. பேரப்பிள்ளைகள் பொக்கை வாய்ச் சிரிப்பைப் பார்த்துக் கூடச் சிரித்தார்கள். அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் போவதற்கு முன் எத்தனை இரவுகள் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள். பல் வலித்தால் முதலில் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் உப்புத் தண்ணீர். கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே உப்பளங்கள் இருக்கும் ஊர்ப்பக்கம் இது, உப்புக்குப் பஞ்சமில்லை. பல் தேய்ப்பதற்கும் அதுதான், கூடவே அடுப்புச் சாம்பல், உமிக்கரி, செங்கல் பொடி. ரோடோரத்து வேப்பமரத்தில் ஒடித்த குச்சி ஆண்களுக்கு. ரேடியோ வந்த பிறகு இலங்கை வானொலி விளம்பரத்தில் கேட்ட கோபால் பல்பொடி, ரோஸ் நிறத்தில், ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

இவை எதற்கும் கட்டுப்படாத வலிக்குப் 'பூச்சி எடுக்கிறவர்' இருந்தார். கண்டங்கத்திரி விதையைச் சுட்ட இரும்பில் போட்டு, எழும் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் துப்பினால் வெள்ளையாக, நெளிந்த நூல்போல ஏதோ மிதக்கும். "பாரு, எவ்ளோ புழு!" என்பார்கள். அது பல்லிலிருந்து வந்ததல்ல, வெந்த விதையிலிருந்து பிதுங்கி வந்தது. இதை வைத்து நம் ஊர்க்காரர்களைக் குறைவாக எண்ண எந்தக் காரணமும் இல்லை. பாபிலோனியர்களின் களிமண் பலகைகளிலேயே பல்லைத் தின்னும் புழு வருகிறது. ஐரோப்பாவிலும் இதே மாதிரி வேறொரு செடியின் விதையைச் சுட்டுப் புழு 'எடுத்தார்கள்'. 1728-இல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் பல் மருத்துவத்துக்கென ஒரு முழு நூலை எழுதித்தான் அந்தப் புழுவை மறுக்க வேண்டியிருந்தது. சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலம் கக்கும் நுண்ணுயிரிகளே பல்லை அரிக்கின்றன என்று வில்லபி மில்லர் 1890-இல் எழுதினார். திருவிடந்தைக்கு அந்தச் செய்தி வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆனது.

கிராம்பைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் இருக்கும் யூஜினால் வலியை உண்மையிலேயே மட்டுப்படுத்தும். துத்தநாக ஆக்சைடு பொடியோடு அதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பது இன்றைய கிளினிக்கிலும் உண்டு. பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை ஆயாவின் சுருக்குப்பையிலிருந்து வந்ததேதான்.

வலி எல்லை மீறினால் கடைசியாகப் பிடுங்குவது. ஆடும் பல் என்றால் வீட்டிலேயே நூலைக் கட்டி இழுப்பார்கள். ஆடாத பல் என்றால் திருவிழாவிலோ சந்தையிலோ குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போக வேண்டும். மரத்துப்போக ஊசி கிடையாது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் செங்கல்பட்டுக்கோ பட்டணத்துக்கோ போனார்கள். பட்டணத்தில் சீனக் குடும்பங்கள் நடத்திய பல் கிளினிக்குகள் பெயர் பெற்றவை. அப்பாவிடம் மகன் கற்ற தொழில் அது. பல் செட் செய்வதில் அவர்கள் கைகாரர்கள்.

பட்டம் பெற்றவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால் அன்றைய நிலைமை புரியும். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-இல் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தபோது, படிக்காமல் பரம்பரையாகப் பல் பார்த்து வந்தவர்களை ஒரேயடியாக விலக்க முடியவில்லை. ஐந்து வருடம் இதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்காகப் பதிவேட்டில் 'பி' என்று ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்று இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத்தான் ஆரம்பமானது. திருவிடந்தையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாவதற்கு முந்தைய நாட்களில், ஒரு பல்லுக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனவர், மறுபடி அலையாதபடி வேலையை முடித்துவிடச் சொல்வார். 'முடிப்பது' என்றால் பிடுங்குவதுதான். மருத்துவருக்கும் அது ஐந்து நிமிட வேலை. காப்பாற்ற முடிந்த எத்தனையோ பற்கள் தூரத்தின் காரணமாகவே போயின. இதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன்.

'அந்தக் காலத்துப் பல் இரும்பு மாதிரி, இப்போதுதான் எல்லாம் சொத்தை' என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. காலையில் கேழ்வரகுக் கூழும் கருவாடும், மத்தியானம் சோறும் மீன் குழம்பும், இடையில் நொறுக்க ஒன்றும் கிடையாது. வாயில் அமிலம் ஊறும் நேரங்கள் குறைவு. அதனால் பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் நாற்பது வயதில் ஈறு கரைந்து, பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. வெற்றிலையும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்து காரையாக இறுகி, ஈறைத் தள்ளிக்கொண்டே போனது. சொத்தையே இல்லாத முழுப் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, 'நல்ல பல்லு, ஏன் விழுந்துச்சு?' என்று கேட்டவர்கள் உண்டு. பல் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த எலும்புதான் போய்விட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. அந்தப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு மருத்துவக் கல்லூரிகளும் வந்தன. திருவிடந்தையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், கேளம்பாக்கத்தில், செட்டிநாடு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாடு முழுவதும் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் 2023-இல் அரசே ஒன்றைத் திறந்தது. கோவளம் சாலையில் இன்று ஸ்கூட்டரில் போனால் பல் கிளினிக் பலகைகள் கண்ணில் படாமல் போக முடியாது.

நாற்காலியில் நடப்பதும் மாறிவிட்டது. 1940-களில் கண்டுபிடித்த லிக்னோகேய்ன் ஊசி வந்தபின் வலி நின்றது. 1957-இல் அதிவேகத் துளைகருவி வந்தபின் துளைப்பது நிமிடக் கணக்காகக் குறைந்தது. பாதரசமும் வெள்ளியும் கலந்த கறுப்பு அடைப்பு போய், பல்லின் நிறத்திலேயே ஒளி பட்டு இறுகும் பசை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பாதரச அடைப்பை நிறுத்தியேவிட்டது. நரம்புவரை போன பல்லையும் உள்ளே சுத்தம் செய்து, வேரை அடைத்து, மேலே கேப் மாட்டி இன்னும் பல வருடம் கடிக்க வைக்க முடியும். விழுந்த பல்லின் இடத்தில் டைட்டானியத் திருகைத் தாடை எலும்பில் இறக்கி ஒரு பல்லை நட முடியும். மருத்துவரிடம் போனால் பிடுங்குவது முன்பு முதல் சிகிச்சை, இப்போது கடைசிச் சிகிச்சை.

ஆனால் பல் கிளினிக்கில் காத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். கன்னம் வீங்கி, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களே அதிகம். "எவ்ளோ நாளா வலி?" என்று மருத்துவர் கேட்டால், "அது விட்டு விட்டு வரும் டாக்டரம்மா, ஒரு வருஷமா இருக்கு" என்பார்கள். தூரம் சுருங்கிவிட்டது. ஊசி வந்துவிட்டது, கருவி வந்துவிட்டது. நாம் போகிற நாள் மட்டும் மாறவில்லை. தாத்தா போன அதே நாளில்தான் பேரனும் போகிறான்: பொறுக்க முடியாத நாளில்.

வலியை நம்பி இருப்பது ஏன் ஆகாது என்பதற்குப் பல்லின் அமைப்பே காரணம். மேலே இருக்கும் எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது, உயிரணுவும் கிடையாது. இனிப்பு தின்ற சில நிமிடங்களில் பல்லின் மேலிருக்கும் படலம் அமிலமாகி, அதன் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியம் கரைகிறது. எச்சில் ஊறி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அதைச் சரிக்கட்டிவிடும். அதற்குள் அடுத்த பிஸ்கட், அடுத்த டீ என்றால் சரிக்கட்ட நேரமில்லை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஆரம்பத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூசினால் குழி விழாமலே திரும்பிவிடும். குழி விழுந்துவிட்டால், மாமல்லபுரத்துச் சிற்பி கையில் உளி பிசகித் தெறித்த கல்லைப் போலத்தான், போனது போனதே. எனாமல் மறுபடி வளராது. இவ்வளவு நடந்த பிறகும் வலி வராது. குழி உள்ளே இறங்கி அடுத்த அடுக்கைத் தொட்ட பின்தான் கூச்சம். நரம்பறையைத் தொட்டால்தான் நடு இரவில் எழுப்பும் வலி. வலி வந்தது என்றால் எளிய வேலைகளுக்கான காலம் முடிந்துவிட்டது என்று பொருள். சில நூறு ரூபாயில் ஒரே அமர்வில் அடைத்திருக்க வேண்டிய குழி, இரண்டு மூன்று தடவை வந்து சில ஆயிரங்கள் செலவழிக்கும் வேர் சிகிச்சையாகிவிடும். கூலிக்காரரின் கணக்கில் அந்த இரண்டு மூன்று நாட்களும் செலவுதான். அதனால் அவர் மறுபடியும் 'புடுங்கிடுங்க சார்' என்கிறார். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

இதில் எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது ஆறு வயதுப் பல். பிள்ளைகளுக்கு ஆறு வயதில், பால் பல் ஒன்றும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. இருபது பால் பற்களில் அதுவும் ஒன்று என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பல்தான். மேலே ஆழமான பள்ளங்கள் உள்ள பல், பிரஷ் சரியாக எட்டாத மூலையில், ஒரு ரூபாய் மிட்டாய் தின்னும் வயதில். பத்து, பன்னிரண்டு வயதில் அதைப் பிடுங்க வேண்டி வந்தால் அக்கம் பக்கத்துப் பற்கள் சாய்ந்து கடியே கோணிப்போகும். முளைத்த கொஞ்ச நாளில் அந்தப் பள்ளங்களில் ஒரு மெல்லிய பூச்சுப் பூசினால் போதும். ஊசி வேண்டாம், துளைக்க வேண்டாம். பால் பல்லையும் 'விழத்தானே போகிறது' என்று விடக்கூடாது. அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வராமல் இல்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பல் சொத்தையையும் பார்க்கிறார்கள். பள்ளிக்கு வருடம் ஒரு முறை, அங்கன்வாடிக்கு இரண்டு முறை. குழியைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுக்கும் பல் மருத்துவரின் நாற்காலிக்கும் நடுவில்தான் பிள்ளை தொலைந்துபோகிறது. பிள்ளை அழவில்லை, அதனால் அவசரமில்லை.

பெரியவர்களைத் தடுத்து நிறுத்துவது பணம் மட்டுமல்ல. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் உண்டு. கண் நரம்புக்கும் பல் நரம்புக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. அதைவிடப் பரவலானது, பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது. இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறார். வருடக்கணக்கில் படிந்த காரை சிமெண்டு மாதிரிப் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், எலும்பு ஏற்கனவே கரைந்திருப்பது வெளியே தெரியும். இடைவெளி தெரியும், கூசும், கொஞ்சம் ஆடும். காரை சிறிதாக இருக்கும்போதே எடுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. மருத்துவர்கள் இதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பல பேர் சொல்வதில்லை. ஒரு ஆள் பயந்து போனால் ஒரு தெருவே வராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றுகிறது. ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வாங்குகிறவர்கள் வருடம் ஒரு முறையாவது ஈறையும் காட்டிவிட வேண்டும்.

மீனவர் குப்பத்து ஆண்களின் கதை வேறு. இரவில் கடலுக்குப் போகிறவர்கள் குளிருக்கும் தூக்கத்துக்கும் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்கிறார்கள். கட்டுமரக் காலத்திலும் அதுதான், சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் நிறைந்த பிறகும் அதுதான். 2013-இல் குட்காவைத் தமிழ்நாடு தடை செய்தபின்னும் பொட்டலங்கள் கைக்குக் கை மாறுகின்றன. புகையிலை ஒதுக்கும் இடத்தில் முதலில் வரும் வெண்படலம் வலிக்காது. வலிக்காத அந்தப் படலத்தைக் கண்ணாடியும் விளக்கும் வைத்து ஒரு பல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு, முற்றிய வாய்ப் புற்றோடு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் வாயைப் பல வருடங்களாக யாருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பல் பரிசோதனை என்பது பல்லுக்கு மட்டுமானதல்ல.

வலி இல்லாமலே பல் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு சந்தர்ப்பம் இந்த ஊரில் பழக்கமாகி வருகிறது: கல்யாணம். திருவிடந்தை கல்யாணத்துக்குப் பெயர் போன ஊர். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராக மணந்தவர் இங்கே நித்யகல்யாணப் பெருமாள். மூலவர் ஆதிவராகர், பூமியையே கோரைப்பல்லில் தாங்கி எடுத்தவர். வரன் அமையாதவர்கள் மாலையோடு வந்து ஒன்பது சுற்று வருகிறார்கள். அமைந்ததும் ஜோடியாகப் பழைய மாலையைக் கொண்டு வருகிறார்கள். முன்பு பெண் பார்க்கும்போது பல் எடுப்பாக இருந்தால் வரன் தட்டிப்போகும். 'பல்லழகி' என்று கேலி பேசியதில் எத்தனையோ பெண்கள் வாயைக் கையால் மூடியே சிரித்துப் பழகினார்கள். இன்று பதிமூன்று, பதினான்கு வயதில் கிளிப் போட்டு நேராக்கிவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு முன் பல் சுத்தம் செய்துகொள்ள மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். போட்டோவுக்காக வருகிறார்கள் என்று குறை சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். எதற்காகவோ, வலிக்காத பல்லோடு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மறைந்திருக்கும் நான்கு குழிகள் அன்றே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது கல்லில் எழுதிய விதியல்ல. இங்கிலாந்தில் 2004-இல் வகுத்த வழிகாட்டுதல், ஆளைப் பொறுத்து மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை என்கிறது. சொத்தை அடிக்கடி விழும் பிள்ளை, சர்க்கரை உள்ளவர், புகையிலை போடுகிறவர், கர்ப்பிணி ஆகியோர் சீக்கிரம் வர வேண்டும். வாய் சுத்தமாக இருப்பவர் தாமதிக்கலாம்.

திருவிடந்தைக்கும் அதைச் சுற்றிய குப்பங்களுக்கும் இனி வேண்டியது இன்னொரு கட்டிடம் அல்ல என்றே நினைக்கிறேன். பல் கல்லூரிகளிடம் நாற்காலி பொருத்திய ஊர்திகள் இருக்கின்றன. மருத்துவர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். 1980-களில் தான்சானியாவில் மின்சாரமே இல்லாத கிராமங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துப் பசையால் அடைக்கும் முறையைக் கண்டார்கள். இந்த முறைக்கு இன்று பயன்படும் கிளாஸ் அயனோமர் பசையையும், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமின் ஃபுளோரைடையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. பள்ளித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டுச் செய்துவிடக்கூடிய வேலை இது. முகாம் நாளைக் கல்லூரியின் வசதிக்குப் பதிலாக இந்தக் கரையின் வசதிக்கு வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறும் நாட்களில் படகெல்லாம் மேட்டில் இருக்கும்; அப்போது வந்தால் ஆண்கள் கிடைப்பார்கள். மீன் விற்கும் பெண்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். பிள்ளைகளுக்கு ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரங்களில், முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் முன்னால். முகாம் முடிந்து ஊர்தி கிளம்பும்போது 'கல்லூரிக்கு வரவும்' என்று எழுதிய சீட்டோடு விட்டுவிடக்கூடாது. அதே ஊர்தி ஆறு மாதம் கழித்து எந்தத் தேதியில், எந்த இடத்தில் மறுபடி நிற்கும் என்பதை அன்றைக்கே குப்பத்துப் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும்.